இடக்கைக்காரர் வாசல்

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லைனில் சுவருக்கு வாயும் உண்டு. ஒரே ஓட்டுக்கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு வீடுகள். வீட்டுக்கு வீடு நடுவில் சுவர் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கட்டினவன் கஞ்சனோ, கல்தான் தீர்ந்துபோனதோ, எந்தச் சுவரும் கூரையைத் தொடாது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் போய் அப்படியே நின்றுவிடும். அதற்கு மேலே முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை ஒரே வெளி. ஒன்றாம் நம்பரில் தும்மினால் ஆறாம் நம்பரிலிருந்து "நூறாயுசு" என்று குரல் வரும். புருஷன் பெண்டாட்டி சண்டையில் மறந்துபோன பழைய விஷயத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக் கொடுப்பார்.

நாலாம் நம்பர் எங்களுடையது. ஐந்தாம் நம்பரில் என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. நான் அவளை அக்கா என்பேன். அவள் என்னைச் சின்னவளே என்பாள். மற்றபடி நாங்கள் இரண்டு பேரும் சாந்தமாகப் பேசிக்கொண்டதாக யாரும் சாட்சி சொல்ல மாட்டார்கள். அவள் கணவர் போய்ப் பல வருஷம் ஆயிற்று. மகன் எங்கோ தூரதேசத்தில் லாரி ஓட்டுகிறான். "எங்களோட வந்து இரு அக்கா" என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்! "கண்ணு போனது போதாதா? உன் சமையலச் சாப்பிட்டு நாக்கும் போகணுமா?" என்று சொல்லிவிட்டாள்.

கண் போனது நிஜம். சர்க்கரை வந்து, முதலில் ஓரங்கள் மங்கி, பிறகு நடுவும் இருண்டு, இப்போது வெயிலுக்கும் நிழலுக்கும் மட்டும்தான் அவளுக்கு வித்தியாசம் தெரியும். அந்த முதல் ஆறேழு மாதம் கட்டிலை விட்டு இறங்கவில்லை. நானும் திட்டிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். அப்புறம் ஒருநாள் காலை தானாகவே எழுந்து, வராந்தாச் சுவரைத் தடவிக்கொண்டே கோடியில் இருக்கிற குழாயடி வரை போய், ஒரு குடம் தண்ணீரோடு திரும்பி வந்து நிற்கிறாள். எனக்கு மயக்கமே வந்துவிட்டது. "எப்படிக்கா வழி தெரிஞ்சுது?" என்றேன். "கல்லு சொல்லுச்சு" என்றாள்.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீடுகளின் வாசல் நிலை மரமில்லை, கருங்கல். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவாத்து வேலைக்குப் போகிற ஆண்கள் விடிகாலையில் கிளம்பும்போது அந்த நிலைக்கல்லில்தான் கத்தியைத் தீட்டுவார்கள். அப்பன் தீட்டிய இடத்தில் மகன், மகன் தீட்டிய இடத்தில் பேரன் என்று தீட்டித் தீட்டி, இடுப்பு உயரத்தில் ஒவ்வொரு கல்லிலும் ஒரு குழி விழுந்துவிட்டது. ஒன்றாம் நம்பர் குழி படகு மாதிரி நீளம். இரண்டாம் நம்பரில் இரட்டைக் குழி. மூன்றில் வட்டம். அவரவர் கல்லில்தான் அவரவர் தீட்ட வேண்டும் என்பது லைன் சட்டம். அடுத்த வீட்டுக் கல்லில் கத்தி தீட்டினால் அந்த இரண்டு வீட்டுக்கும் சண்டை வந்தே தீரும் என்பார்கள்.

ஐந்தாம் நம்பர் குழியை யாரும் தவறவே விட முடியாது. மற்ற எல்லாருக்கும் குழி வாசலின் வலப்பக்கம் என்றால், அங்கே மட்டும் இடப்பக்கம். அக்கா வீட்டுக்காரர் இடக்கைக்காரர். அவருடைய அப்பா, அதாவது என் மாமனார், தீட்டியது வலப்பக்கக் கல்லில். ஆனால் அவர் குடியிருந்தது ஆறாம் நம்பரில். ஆகவே ஐந்தாம் நம்பரின் குழி முழுக்க முழுக்க மூத்தவர் கைவேலை. ஒரே ஆள் தீட்டியும் லைனிலேயே ஆழமான குழி அதுதான். ஒரு கை உள்ளங்கையோடு உள்ளே அடங்கும். அக்கா ஒவ்வொரு நாளும் குழாயடியிலிருந்து திரும்பி வந்து அதில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பாள். வழி பார்க்கத்தான் நிற்கிறாள் என்று நாங்களும் தெரியாத மாதிரி இருந்துகொள்வோம்.

எங்கள் கல் மட்டும் கிட்டத்தட்ட வழவழ. என் வீட்டுக்காரர் உழைத்த லட்சணம் அப்படி. "உங்க வீடு எனக்கு இருட்டுடீ. கைக்கு ஒண்ணுமே கிடைக்கல" என்று அக்கா அடிக்கடி குத்துவாள்.

ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பாழாய்ப்போன லைனை இடித்துத் தள்ளணும் என்று வாய் ஓயாமல் சொன்னவள் நான்தான். மழை வந்தால் ஏழு பாத்திரம் வைக்க வேண்டும். கக்கூஸ் ஒரு பர்லாங் தூரம். ஆனால் தோட்டம் மூடப்பட்டு, நிலத்தை வாங்கிய கம்பெனி "லைனை இடிக்கிறோம், மாத முடிவுக்குள் காலி செய்யுங்கள், எல்லாருக்கும் அடுக்குமாடியில் வீடு" என்று நோட்டீஸ் ஒட்டியபோது முதலில் அக்காவைத்தான் நினைத்தேன். அந்த அடுக்குமாடியை நான் போய்ப் பார்த்தேன். தண்ணீர் நன்றாக வருகிறது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் எல்லாச் சுவரும் ஒரே வழவழப்பு, எல்லாக் கதவும் ஒரே அச்சு. குலுக்கல் போட்டதில் எங்களுக்கு ஒரு கட்டடம், அக்காவுக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கட்டடத்தில் மூன்றாவது மாடி. மாற்றித் தர மாட்டார்களாம். அங்கே அவள் என்ன செய்வாள்? மறுபடி கட்டில்தான். இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டாள். எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது.

இரண்டாம் நம்பர் கொத்தனார்தான் வழி சொன்னார். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற இலாகா ஒன்று இருக்கிறதாம். அவர்கள் வந்து பார்த்து, காக்க வேண்டிய கட்டடம் என்று பதிந்துவிட்டால் யாராலும் இடிக்க முடியாதாம். அது மட்டுமல்ல, குடியிருப்பவர்களை வைத்துக்கொண்டே ரிப்பேர் செய்து தர வேண்டுமாம். "கோயில், கோட்டைன்னா பதிவாங்க. நம்ம குடிசையப் போய் யாருய்யா பதிவாங்க?" என்றேன். "கேட்டுப் பாக்கறதுல என்ன குறைஞ்சுபோச்சு?" என்று அவரே போய் மனுக் கொடுத்துவிட்டு வந்தார்.

நம்பவே முடியவில்லை, ஒரு அதிகாரி வந்தேவிட்டாள். சின்னப் பெண். மூக்குக்கண்ணாடி, செருப்பு முழுக்கச் சேறு. கொட்டுகிற மழையில் வந்து எங்கள் வீட்டுக்குள் தலையை அண்ணாந்து அரைமணி நேரம் நின்றாள். சுவர் ஏன் கூரையைத் தொடவில்லை என்று கேட்டேன். கஞ்சத்தனம் இல்லையாம். ஆறு அடுப்பின் புகையும் மேலே சேர்ந்து இரண்டு கோடியிலும் வெளியே போவதற்காகவாம். இத்தனை வருஷம் கட்டினவனை நான் திட்டியதெல்லாம் வீண். டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது சொன்னாள்:

"அடுத்த வாரம் எங்க பெரிய அதிகாரியைக் கூட்டிட்டு வரேன். அவர் பாத்துட்டு முடிவு பண்ணுவார். அதுவரைக்கும் நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். இருக்கறது இருக்கறபடியே இருக்கட்டும்."

அவள் தலை மறைந்ததும் ஆறு வீடும் வராந்தாவில் கூடிவிட்டது.

"ஒண்ணும் செய்ய வேண்டாம்னு சொல்லிட்டாங்களே" என்றது ஒன்றாம் நம்பர்.

"விருந்தாளி வேற எப்படிச் சொல்வாங்க?" என்றேன் நான். "நம்ம வீட்டுக்கு வர்றவங்க, 'ஒண்ணும் சிரமப்படாதீங்க, வெறுந்தண்ணி போதும்'னுதான சொல்வாங்க? அதுக்காக வெறுந்தண்ணியா கொடுப்போம்? அந்தப் பொண்ணு மரியாதைக்குச் சொல்லுது. நாமதான் புரிஞ்சுக்கணும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஆட்டாமல் என்ன செய்வார்கள்? என்னை லைனில் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். தவிர, எங்கள் ரத்தத்திலேயே ஊறிய பழக்கம் அது. மேனேஜர் பார்வையிட வருகிறார் என்றால் முதல் நாளே வெள்ளையடித்தாக வேண்டும். உள்ளே கூரை ஒழுகட்டும், ஆள் இருமிச் சாகட்டும், வெளியே வெளேரென்று இருந்தால் சரி. மூன்று தலைமுறையாக அப்படித்தான் நடந்தது. அதிகாரி என்றாலே எங்கள் கை சுண்ணாம்பைத் தேடும்.

என் வீட்டுக்காரர் ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் பேசுகிறவர். அன்றைய வாக்கியத்தை அங்கே செலவழித்தார். "அந்தப் பொண்ணு நிஜமாத்தான் சொல்லியிருக்கும்னு தோணுது" என்றார். "நீங்க சும்மா இருங்க" என்றேன். சும்மா இருந்துவிட்டார்.

கொத்தனாருக்குச் சிமெண்டு வைத்துப் பூச ஆசை. "நின்னா நூறு வருஷம் நிக்கும்" என்றார். சிமெண்டுக்கு எங்கே போவது? மூடிக் கிடந்த தோட்ட ஸ்டோரில் ஒரு பீப்பாயில் தண்ணீருக்கடியில் சுண்ணாம்பு ஊறிக் கிடந்தது. வெண்ணெய் மாதிரி இருந்தது. அதையே எடுத்துக்கொண்டோம். கொஞ்சம் மணலோடு குழைத்து வெடிப்பு, பொத்தல் எல்லாவற்றையும் கொத்தனார் அடைத்துக்கொண்டு வர, பின்னாலேயே நாங்கள் வெள்ளையடித்துக்கொண்டு வந்தோம். நிலைக்கல் பக்கம் வந்ததும், "இந்தக் குழியெல்லாம்?" என்று கேட்டார்.

"அதையும் அடைங்க. அம்மைத் தழும்பு மாதிரி அசிங்கமா இருக்கு" என்றேன்.

சொன்னது நான். என் வாய்தான் சொன்னது. அந்த நேரத்தில் அக்கா ஊரில் இல்லை. கண் ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு என்று என் வீட்டுக்காரர் அவளை நகரத்துக்குக் கூட்டிப்போயிருந்தார். இருந்திருந்தால் நினைவு வந்திருக்குமோ என்னவோ. ஆள் கண்ணில் படாததால் அவள் கை எதைப் பார்த்து நடக்கிறது என்பதும் மறந்தே போய்விட்டது. கல், சுவர், நிலை எல்லாம் ஒரே வெள்ளை. தூரத்தில் நின்று பார்த்தால் ஆறு வீடும் புது வேட்டி கட்டின மாப்பிள்ளைகள் மாதிரி இருந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர்கள் திரும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து அக்காவை நேராக உள்ளே கொண்டுவிட்டார். "என்னடீ, சுண்ணாம்பு வாசனை தூக்குது?" என்று சுவருக்கு மேலாகக் கேட்டாள். "அதிகாரி வர்றாங்கல்ல, லைனையே பளபளன்னு ஆக்கிட்டோம்" என்றேன். "பலே, உருப்படியா ஒரு காரியம் பண்ணியிருக்க" என்றாள். அவள் வாயால் அப்படி ஒரு பாராட்டை நான் அதுவரை கேட்டதில்லை.

மறுநாள்தான் பெரிய அதிகாரி வருகிற நாள். காலையில் நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் குடம் விழுந்து உருளுகிற சத்தம். பின்னல் பாதியில் நிற்க ஓடினேன்.

அக்கா இரண்டாம் நம்பருக்கும் மூன்றாம் நம்பருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். காலடியெல்லாம் தண்ணீர். இரண்டு உள்ளங்கையையும் சுவரில் பதித்து மேலும் கீழும் துழாவிக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் வெள்ளை. கோடி வரை போய்த் திரும்பி, மறுபடி போய், எத்தனை தரம் நடந்தாளோ.

"சின்னவளே" என்றாள். நான் பக்கத்தில் நிற்பது எப்படித் தெரிந்ததோ. "என் வாசலக் காணோம்டீ."

கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்காரவைத்தேன். அவள் கையை உதறவில்லை, திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"விடு. நல்லதுக்குத்தான செஞ்சீங்க" என்றாள். பிறகு, "அவங்க வந்தா சொல்லிடு, நான் அந்த மாடி வீட்டுக்கே போயிடறேன்னு. எங்க இருந்தா என்ன இப்ப, எல்லாம் ஒண்ணுதான்" என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நான் வெளியே வந்தேன். அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. யார் மேல்? என் மேல்தான். சமையலறைக்குப் போய் இருப்பதிலேயே கனமான இரும்புக் கரண்டியை எடுத்து வந்து, ஐந்தாம் நம்பர் இடப்பக்கக் கல்லின் முன்னால் மண்டியிட்டு, சுரண்ட ஆரம்பித்தேன்.

கொத்தனார் அலறிக்கொண்டு ஓடி வந்தார். "என்ன காரியம் பண்றீங்க? இன்னும் ஒரு மணி நேரத்துல வந்துடுவாங்க! சுவரு சொறி பிடிச்ச மாதிரி ஆகிடும்!"

"ஆகட்டும்."

"உங்க ஓரகத்தி ஒருத்திக்காக ஆறு குடும்பமும் தெருவுல நிக்கணுமா? அவங்க போனப்புறம் சுரண்டுங்க, நானே சுரண்டித் தரேன்."

நியாயமான பேச்சுதான். ஒரு மணி நேரம் பொறுத்தால் என்ன? ஆனால் உள்ளே அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். அப்படி அவள் படுத்த அந்த ஆறேழு மாதத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரம் கழித்து அவளை எழுப்ப முடியும் என்று யார் எனக்கு உத்தரவாதம் தருவார்கள்?

"கொத்தனாரே, லைன் நின்னு அவ படுத்துட்டா எனக்கு இந்த லைன் எதுக்கு? நான் இதைக் காப்பாத்த ஆசைப்பட்டதே அவளுக்காகத்தான். வந்தது வரட்டும். நீங்க போய் உங்க வாசல்ல கோலம் போடுங்க, இல்ல என்னத்தையாவது போடுங்க, என்னை விடுங்க."

அவர் விறுவிறுவென்று போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் உளி இருந்தது.

"கரண்டியால சுரண்டினா கல்லுல கீறல் விழும். தள்ளுங்க" என்றார். முனையால் ஒரு தட்டு. சுண்ணாம்பு கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே இன்னும் ஈரம். "நல்லவேளை, சிமெண்டு கிடைக்கல" என்று முணுமுணுத்தார். அவர் வாயிலிருந்து அது வர எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்!

அக்கா வீட்டுக் குழி வெளியே வந்ததும் அவர் தன் வீட்டு இரட்டைக் குழிக்குப் போனார். ஒன்று அவர் அப்பாவுடையது, மற்றது சித்தப்பாவுடையது. அதைப் பார்த்து ஒன்றாம் நம்பர் ஒரு கத்தியோடு இறங்கியது. மூன்றாம் நம்பர் தேங்காய்நாரும் தண்ணீருமாக வந்தது. பழைய சாக்கு, உடைந்த சீப்பு, பல் தேய்க்கிற பிரஷ், யார் கையில் எது அகப்பட்டதோ அது. தலையெல்லாம் வெள்ளை, மூக்கெல்லாம் வெள்ளை. நேற்று மாப்பிள்ளையாக நின்ற சுவர் இன்று திட்டுத்திட்டாக, பார்க்கச் சகிக்கவில்லை. சரியாக அந்த நேரத்தில் ஜீப் வந்து நின்றது.

முதலில் இறங்கிய சின்னப் பெண் சுவரைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ! நான் ஒண்ணும் செய்ய வேண்டாம்னுதான சொன்னேன்!"

"நீங்க மரியாதைக்குச் சொல்றீங்கன்னு நினைச்சுட்டோம்மா" என்றேன்.

"மரியாதைக்கா?"

பெரிய அதிகாரி நரைத்த தலைக்காரர். கோபப்படுகிற ஆள் மாதிரித் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பழைய பூச்செல்லாம் மூடிப்போச்சே. புதுசா வெள்ளையடிச்ச சுவர்ல நான் எதைப் பதியறது?" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது என்று என் வாய் முணுமுணுத்தது. எனக்கு அவர் பின்னால் ஓட நேரமில்லை. அக்கா வீட்டுக்குள் போனேன்.

"எழுந்திரு."

"வேணாம்டீ."

"எழுந்திருன்னா எழுந்திரு. உன் வாசல் கிடைச்சாச்சு. வந்து பாத்துட்டு அப்புறம் மாடிக்குப் போ, மச்சுக்குப் போ, எங்க வேணாலும் போ."

இழுத்துக்கொண்டு போய் ஒன்றாம் நம்பர் பக்கம் நிறுத்திக் கையை விட்டேன். அவள் ஒரு நிமிஷம் அசையவில்லை. பிறகு கையை நீட்டினாள். படகு விரலில் தட்டியது. "ஒண்ணு" என்றாள். மெல்ல நகர்ந்தாள். இரட்டைக் குழி. "கொத்தனாரே, வழியில நிக்காதீங்க" என்றாள். அவர் சட்டென்று ஒதுங்கினார். வட்டத்தைத் தொட்டாள். எங்கள் கல்லைத் தடவி, "இருட்டு" என்றாள். அப்புறம் இரண்டே எட்டு வேகமாக வைத்து, இடக்கையை நீட்டினாள்.

கை குழிக்குள் போய் அடங்கியது. அவள் நின்றாள். முகத்தைக் கல்லில் வைத்துக்கொண்டாள். மூத்தவர் போன அன்றுகூட அவள் எங்கள் முன்னால் அழவில்லை. இப்போது அழுதாள். நானும்தான் அழுதேன், ஊரே பார்க்கட்டும் என்று.

திரும்பிப் பார்த்தால் ஜீப்புக்குப் போயிருக்க வேண்டிய பெரிய அதிகாரி ஒன்றாம் நம்பர் கல்லின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். குழியில் கையை வைத்து, பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அடுத்த கல். அதற்கடுத்த கல். "இதெல்லாம் என்ன?" என்றார். கவாத்துக் கத்தி தீட்டியது என்று நான் சொன்னேன். அவரவர் வாசலில்தான் தீட்ட வேண்டும் என்ற சட்டத்தைக் கொத்தனார் சொன்னார்.

"இந்த மாதிரி லைன் நான் நிறையப் பாத்திருக்கேன்" என்றார் அவர். "கட்டினது யார், என்னைக்குன்னு எல்லாத்துலயும் கல்வெட்டு இருக்கும். குடியிருந்தவங்க கை எங்கயும் இருக்காது. எல்லாத்தையும் பூசிடுவாங்க." சின்னப் பெண் அதற்குள் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள். அக்கா பக்கம் வந்தவர், கேட்டுவிட்டு அந்தக் குழியில் தானும் கை வைத்தார். "மத்ததைவிட இது மட்டும் ஏன் இவ்வளவு ஆழம்? எத்தனை தலைமுறை?"

"ஒரே ஆள்தான். எங்க வீட்டுக்காரர்" என்றாள் அக்கா.

"ஒரு ஆளா? இருக்காதே."

அப்போதுதான் என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். அன்றைய வாக்கியம்.

"அதுல பாதி என் கத்தி" என்றார்.

நாங்கள் எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிஞ்சு சரியாக் கூடல. வெட்டிடுவேன், அழுத்தித் தீட்டத்தான் வராது. வெளிய தெரிஞ்சா கவாத்துல இருந்து தள்ளிடுவாங்க. அண்ணன்தான் தினமும் நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடி என் கத்தியையும் எடுத்துட்டுப் போய்த் தீட்டி, கொண்டுவந்து மாட்டிட்டுப் போயிடும். என் வாசல்ல தீட்டினா உங்க ரெண்டு பேருக்கும் சண்டை வந்துடும்னு அதோட வாசல்லயே தீட்டுச்சு." கொஞ்சம் நிறுத்தி, "அப்படியும் வந்துச்சு" என்றார்.

எத்தனை வருஷமாக நான் இந்த மனுஷனைச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். அடப்பாவி மனுஷா, வாயைத் திறந்து சொல்லக்கூடாதா? அவரை அடிப்பதா கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. அக்கா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். "ஒரே கத்தியவா இவ்வளவு நேரம் தீட்டறீங்கன்னு நானும் கேப்பேன். 'மழுங்கிப் போச்சு'ன்னு சொல்லிடும்" என்றாள்.

லைன் பதிவாயிற்று. சும்மா சொல்லவில்லை, கம்பெனி வக்கீல் வைத்து இழுத்தது, நாங்களும் இரண்டு மழைக்காலம் பாத்திரம் வைத்தோம். ஆனால் இடிக்க முடியவில்லை. இப்போது கூரையில் ஓடு மாற்றுகிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் கக்கூஸ் வந்தாயிற்று. ஒன்றாம் நம்பரும் ஆறாம் நம்பரும் அடுக்குமாடிதான் வேண்டும் என்று போனார்கள், போகட்டும், அது அவரவர் இஷ்டம். ஆறாம் நம்பர் மட்டும் வாரம் ஒரு தடவை வந்து, அங்கே தும்மினால் கேட்க நாதியில்லை என்று புலம்பிவிட்டுப் போகிறது. வேலையைக் கொத்தனாரிடமே கொடுத்திருக்கிறார்கள். சிமெண்டு என்று யாராவது சொன்னால் கெட்ட வார்த்தை கேட்ட மாதிரி முகத்தைச் சுளிக்கிறார்.

போன வாரம் சின்ன அதிகாரி வந்தாள். "வராந்தாச் சுவர்ல இனி ஒண்ணும் செய்ய வேண்டாம். ஒரு கீறல்கூட விழக்கூடாது. மரியாதைக்குச் சொல்லல, நிஜமாச் சொல்றேன்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். சரி தாயே என்று கும்பிட்டேன். கும்பிட்ட கை இறங்கவில்லை, எங்கள் வாசலில் கரகர என்று ஒரு சத்தம்.

அக்கா. குழாயடியிலிருந்து திரும்பி வந்து, குடத்தைக் கீழே வைத்துவிட்டு, காய் நறுக்குகிற கத்தியை எங்கள் நிலைக்கல்லில் போட்டுத் தீட்டிக்கொண்டிருந்தாள். கூரையில் ஏறி ஓடு மாற்றுகிற சத்தத்தில் நான்தான் இத்தனை நாள் கவனிக்கவில்லை போலிருக்கிறது. கல்லில் ஏற்கெனவே விரல் பதிகிற அளவுக்கு ஒரு தடம் விழுந்திருந்தது.

"ஏய் அக்கா! என்ன பண்ற? அதிகாரி நிக்கறாங்க! அதுவுமில்லாம அடுத்த வாசல்ல தீட்டினா சண்டை வரும்னு தெரியாதா?"

சின்ன அதிகாரி கல்லைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், பிறகு கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்கா நிறுத்தவில்லை. கத்தியைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தீட்டினாள்.

"நமக்குள்ள இனிமேதான் சண்டை வரணுமாக்கும்" என்றாள். "இருட்டா இருக்குடீ உன் வீடு. கொஞ்சம் வெளிச்சம் போட்டுக்கறேன், சும்மா இரு."